மயிலையும் செவலையும் குடுத்து வாங்குன காரு

...இல்ல சார், நீ மொதல்ல அந்த டம்ளர கீய வையி. நான் ஒண்ணும் காபி குடிக்க வர்ல. ஆரம்பாக்கத்துலேந்து இந்த சோழவரம் வரைக்கும் உன் காரு பின்பக்கம் ஊளையிட்டுக்கினே வந்துது. ஊருக்கு ஊரு நாயிங்க தொரத்துது! இப்ப உன் ஊட்டு வாசல்ல வந்து 'படார்'னு ஒரு சத்தம். அவ்ளோதான். எஞ்சின் ஓடுது, சக்கரம் அசையல. கேட்ட அடச்சிக்கினு நிக்குது பாரு. நிக்கட்டும். அருணகிரின்னா எங்க ஊருல ஒரு மருவாத இருக்குது சார்.

உன்ன பெரிய மனுசன்னு நெனச்சேன் பூவராகவன் சார். ரேஸ் ஓட்டற ஆளு, ஏரிக்கரையில நெலம் வாங்கிக்கினு வெவசாயம் பண்ண வந்த ஆளு... நம்பித்தான என் மயிலையும் செவலையும் அவுத்து உன் கையில குடுத்துட்டு இந்தக் கார எடுத்துக்கினு போனேன்? மாடு குடுத்து காரு வாங்குனவன் ஒலகத்துலயே நான் ஒருத்தன்தான்னு எங்க ஊரே சிரிக்குது. சிரிக்கட்டும். ஆனா எம் பொண்டாட்டி செங்கம்மா சிரிக்கல சார். பொட்டிய கட்டிக்கினு பொன்னேரி அம்மா ஊட்டுக்குப் போய்ட்டா. 'மாட்டோட வந்து கூப்டு, வர்றேன். இல்லன்னா அந்த டப்பாவோடயே குடித்தனம் பண்ணு'ன்ட்டா. ஊட்ல அடுப்பு எரியல. எனக்கு சோறு எறங்கல சார், நெசமாத்தான் சொல்றேன். எம் மாட்ட எங்கிட்ட குடுத்துடு. உன் கார நீ வச்சிக்க.

இன்னா? காருக்கு இன்னாவா? நல்லாக் கேட்ட போ! கியரு போட்டு கிளச்ச வுட்டா 'டொங்'! ஆக்சிலேட்டர்லேந்து கால எடுத்தா திரும்ப ஒரு 'டொங்'! கீய எவனோ சுத்தியல வச்சிக்கினு குந்திக்கினுகிறான்ற மாரி. கொஞ்சம் வேகம் புடிச்சா பின்னாலேந்து 'ஙொய்ய்ய்'னு ஒரு ஊளை.

பொன்னேரியில குப்புராஜுன்னு ஒரு லாரி மெக்கானிக்கு. கீய படுத்தான், ஷாஃப்ட ஆட்டிப் பாத்தான், 'கிராஸ் ஜாயின்ட்டு போச்சு நைனா'ன்னான். சரின்னு பட்டணம் பூரா அலைஞ்சி வாங்கியாந்து மாத்தனோம். ஒரு டொங்கு கொறஞ்சிது, இன்னொரு டொங்கு அப்டியே கீது. கேட்டா, 'மீதி டொங்கு என்து இல்ல'ன்றான் சார்! அண்ணந்தம்பி சொத்தா அது, பங்கு பிரிக்க?

அப்பறம் கும்மிடிப்பூண்டி எஸ்டேட்ல ஒரு ஃபிட்டரு, வீரராகவன்னு பேரு. எம் மச்சான் சேகரோட வேல செய்றவன். அங்க போவ எனக்கு இஷ்டமே இல்ல. அந்த மச்சான் இருக்கானே... ஐயோ, அவன் பேச்ச எடுத்தாவே பேஜாரு. கம்பெனியில சேந்து ஸ்கூட்டர் வாங்கிட்டானாம். நேரா என் களத்துல கொண்டாந்து நிறுத்திட்டு, 'இன்னா மாமா, இன்னும் மாட்டு வண்டிதானா?'ன்றான். அத்தினி ஜனத்துக்கு முன்னாடி! தூக்கமே வர்ல சார் எனக்கு. அதுக்குத்தான் இந்தக் காரே வாங்கனது. இல்லன்னா ரெண்டே பேரு குந்தற காரு, அதுவும் துணிக்கூர, சம்சாரிக்கு எதுக்கு?

இன்னா சொன்னேன்... ஆங், ஃபிட்டரு. பின்சக்கரம் ரெண்டையும் தூக்கி நிறுத்திட்டு, நடுவுல உருண்டையா தொங்குதே, டிப்ரன்ஷியலு, அது மேல ஒரு நீட்டு ஸ்க்ரூ டிரைவர வச்சி, கைப்புடிய காதுல வச்சிக்கினு டாக்டரு மாரி கேக்கறான். 'வண்டி திரும்பும்போது வெளிச்சக்கரம் ஜாஸ்தி ஓடணும், உள்சக்கரம் கம்மியா ஓடணும். அத்த சமாளிக்கிறது இதுதான். நேரா போனா உள்ள சின்னப் பல்சக்கரத்துக்கு வேலயே இல்ல. இத்த எவனோ ஒரே பக்கமா சுத்தி சுத்தி ஓட்டிக்கிறான், பல்லு பூரா தேஞ்சிபோச்சு'ன்னான்.

கேட்டியா சார்? ஒரே பக்கமா சுத்தி சுத்தி! எவன் சுத்தனான்? உங்க ரேஸ நான்தான் கண்ணால பாத்தேனே! போன எடத்துக்கே திரும்பத் திரும்ப வர்றீங்க, வேற வேல இல்லாம! அதோட போச்சா? ஆக்சில கயட்டனா, எண்ண ஒய்காம இருக்க ஒரு சீலு இருக்குதே, அதுல கவுறு கணக்கா முறுக்கிக்கினு கீது, இன்னா தெரியுமா? வைக்கோலு! சீலு கியிஞ்சி எண்ண சொட்டு இல்லாம ஒய்கிப் போச்சாம். அதான் ஊளையாம். ரேஸ் காருல வைக்கோலு எப்டி சார் வரும்? சத்தம் தெரியாம இருக்க நீதான அடச்சி வச்ச? படிச்சவன் பண்ற வேலையா இது?

நானா? நான் எங்க சார் சுத்தறேன்? நான் நேரா போறவன். கோயிலுக்குப் போனேன், சந்தைக்குப் போனேன், மச்சான் ஊட்டு வாசல்ல நாலு தடவ ஹாரன் அடிச்சிட்டு வந்தேன். அறுப்பு அப்ப களத்துல கொஞ்சம் ஓட்டனேன், அது ஒரு ஓட்டமா?

களத்துல எதுக்கா? இன்னா சார் நீ, வெவசாயம் பண்றேன்ற, இதுகூட தெரியாதா? கதிரடிச்சப்பறம் வைக்கோல்ல மணி ஒட்டிக்கினுருக்குமே, பரப்பிப் போட்டு மாட்ட சுத்தவுட்டு தாம்பு ஓட்டணுமா இல்லியா? மாடுதான் உங்கிட்ட வந்துடுச்சே! அதான் காருலயே தாம்பு ஓட்டனேன். முட்டி ஒசரத்துக்கு வைக்கோலு, செவப்புக் காரு அது மேல ஏறி சுத்துது பாரு... அடாடா! காலைல ஆரம்பிச்சா பொய்து சாயற வரைக்கும். எப்பவும் வலப்பக்கம்தான். எடப்பக்கம் சுத்துனா எங்க களத்துக்கு ஆவாது, லட்சுமி போய்டுவா. எங்களுது முடிஞ்சி பங்காளிங்களுது, அப்பறம் தெருக்காரங்களுது... எல்லாம் நான்தான். மச்சான் ஸ்கூட்டர ஓரமா நிறுத்திட்டு நின்னு பாத்தான் சார்! அந்த ஒரு மூஞ்சிக்கு...

ஏன் சிரிக்கிற? சார், இதுல சிரிக்க இன்னா இருக்குது? ரேஸ் ஓட்டற காரு வைக்கோலுக்குத் தாங்காதா?

எங்க எய்ந்து போற? கொட்டாயிக்கா? மாட்ட அவுக்கிறியா! ஐயோ, நல்லாருப்ப சார் நீ! ஏதோ கோவத்துல பேசிட்டேன், மனசுல வச்சிக்காத. மயில... டேய் செவல... பாரு, நல்லா தேறித்தான் இருக்குதுங்க. இப்டியே புடிச்சிக்கினு பொன்னேரி போய்ட்டன்னா, செங்கம்மா மாட்ட கட்டிக்கினு அழுவா. அப்பறம் என்ன நாலு திட்டு திட்டுவா. திட்டட்டும் சார், அவ கொரலு கேட்டு எத்தினி நாளாச்சு...

அது இன்னாத்துக்கு சங்கிலி? பம்பர்ல ஏன் மாட்ற? சார்... கேட்ட வுட்டு வெளிய இஸ்து வுடப் போறியா? எம் மாட்ட வச்சா? இரு இரு, ஸ்டீரிங் புடிக்கிறேன், சொவுத்துல மோதிடும்... ஹை! மயில! தோ, இஸ்துட்டுதே. சார், ஒண்ணு சொல்றேன் கேளு. இப்டியே காரோட சேத்து ரோட்டோட ஓட்டிக்கினு போய்டறேன். நாளைக்கே மாட்ட கொண்டாந்து... சங்கிலிய ஏன் கயட்ற? சார்!

ஏய் செவல! எங்கடா போற? கோலு எடுக்கல, அதட்டல, அதுங்களே திரும்பிப் போவுதே சார் உன் கொட்டாயிக்கு! மயில! நான்டா, அருணகிரி! பாக்கக்கூட இல்ல...

சார், கேட்ட சாத்தாத சார். தோ, பொன்னேரி பஸ்ஸு வருது. நீயும் ஏறு. காரும் வாணாம், மாடும் வாணாம். எங்கூட வந்து அவ கிட்ட ஒரே ஒரு வார்த்த சொல்லிட்டு வந்துடு சார், நீதான் என்ன ஏமாத்திட்டன்னு.