வெள்ளச்சியின் கூட்டில் அஞ்சு குட்டிகள்

— வெள்ளச்சியை அங்கோட்டு திருப்பிப் பிடி, ஜீனா. கூட்டைப் பார்க்க விடாத.

— பிடிச்சிருக்கேன் அப்பா. கிடந்து துள்ளுது. இவளுக்க குட்டி எத்தனை?

— மூணு. நேத்து போட்டது. இந்தச் சட்டியில கிடக்குத அஞ்சு முயல்குட்டியும் கறுப்பி போட்டது. இண்ணைக்கு காலத்தே வந்து பார்க்கேன், கறுப்பி செத்துக் கிடக்கு. குட்டியெல்லாம் ஒண்ணுமேல ஒண்ணு கிடந்து வெறைக்குது. நாளைக்கு விடியப் பால் குடிக்கல்லேண்ணா ஒண்ணும் மிஞ்சாது.

— நாம பாட்டில்ல குடுத்தா?

— போன வருஷம் குடுத்துப் பார்த்தேன். ஏழெண்ணமும் போச்சு. இனி வெள்ளச்சிதான் வழி. ஆனா சவம், மோசக்காரியாக்கும். வெள்ளறடை சந்தையில இருந்து கொண்டு வந்த அன்னைக்கே எனக்க கையைக் கடிச்சவ. வேற மணம் அடிச்சா குட்டியைக் கொன்னே போடுவா.

— பின்னே எப்பிடி சேர்ப்பீங்க?

— குட்டி போட முன்ன அவளுக்க நெஞ்சு ரோமத்தைப் பிய்ச்சு மெத்தை போட்டிருக்கால்லா, அதை எடுத்து இந்த அஞ்சு மேலயும் தேய்க்கேன். பிறகு அந்த மூணுக்க நடுவுல வச்சு மூடிருவேன். இனி இவளுக்க தலையைக் கொஞ்சம் தூக்கு. மூக்குல விக்ஸ் பூசணும்.

— விக்ஸா?

— கொஞ்ச நேரம் ஒரு மணமும் அறியமாட்டா, கேட்டியா. அதுக்குள்ள எட்டும் ஒரே மணமாயிரும். விடிய வந்து பால் குடுப்பா. நாளுக்கு ஒருக்கா, அஞ்சு நிமிஷம், அவ்வளவுதான். ஒரு மட்டம் குடிச்சாச்சுண்ணா எல்லாம் அவளுக்க குட்டியாக்கும்.

— பிறகு எப்பவும் அறிய மாட்டாளா?

— மாட்டா.

— வளர்ந்து நெறம் வேறயா தெரிஞ்சா?

— முயலு நெறமா பார்க்கும்? உனக்கு என்னத்துக்கு இந்தக் கேள்வியெல்லாம். ஆஸ்பத்திரியில இருந்து வந்ததுல இருந்து உன் முகம் சரியில்ல. அம்மைக்கு நாளைக்கு ஆபரேஷன்னு பயமா? பித்தப்பைக் கல்லுதானே, எடுத்துருவாங்க.

— அம்மைக்க ஃபைலைப் பார்த்தேன்.

— அதை உனக்கு யாரு காட்டினா?

— நர்ஸிங் படிக்கேன்னு சொன்னேன், தந்தாங்க. அம்மை ஓ குரூப்பாம். நான் ஏபி.

— எழுதினவனுக்குத் தெற்றிப் போயிருக்கும்.

— ரெண்டு மட்டம் டெஸ்ட் பண்ணியிருக்கு அப்பா. ஓ குரூப் அம்மைக்கு ஏபி பிள்ளை பிறக்காது. நான் யாருக்க பிள்ளை?

— பிடியை விடாத மக்கா, சாடிரும்.

— நான் விடல்ல. நீங்க சொல்லுங்க.

— இருபத்தொரு வருஷமா உன்னை வளர்த்தது நாங்களாக்கும். அதுல ஒரு நாள் உனக்குக் குறை வச்சோமா?

— வைக்கல்ல. ஆனாலும் ரெண்டு பேரும் சேர்ந்து எனக்கிட்ட மறைச்சிட்டீங்களே. நாளைக்கு அம்மையை உள்ள கொண்டு போக முன்ன நான் பேசணும். எனக்குத் தெரியும், எனக்குக் கோவம் இல்ல, நீதான் எனக்க அம்மைன்னு சொல்லணும். மனசுல ஒண்ணும் வச்சுக்கிட்டு அவ உள்ள போவாண்டாம்.

— பேசாண்டாம். உனக்க காலைப் பிடிக்கேன்.

— என்ன பேச்சு அப்பா இது. கேட்டா அம்மை எனக்கிட்ட பொய் சொல்லுவாளா?

— அவ என்ன பொய் சொல்லுவா? பிரசவத்துல அவ மயக்கத்துல கிடந்தா, பிள்ளை செத்துப் பிறந்தது. கண்ணு முழிக்க முன்ன உன்னைக் கொண்டு வந்து அவளுக்க பக்கத்துல கிடத்தினது நானாக்கும். உனக்க அம்மைக்கு இண்ணைக்கு வரைக்கும் தெரியாது மக்கா.