குழந்தை இல்லாத குடில்

சோப்பு நுரையை ஊதிவிட்டு அதைப் பனி என்று சொல்லும் கேளிக்கைப் பூங்காக்களில் சென்னைக்குப் பக்கத்தில் இருப்பது கொஞ்சம் பரவாயில்லை. அங்கே நுரை கண்ணில் பட்டால் எரியாது. சேலம் தாண்டி இருப்பதில் எரியும். ஒரே டிசம்பரில் மூன்று பூங்காக்களின் கிறிஸ்துமஸையும் பார்த்தவன் விருத்தாசலத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள், இன்ஸ்பெக்டர் அம்மா. முதல் என்றால் அதுதான்.

எனக்குச் செராமிக் பொம்மை யூனிட். கிறிஸ்துமஸ் வந்தால் குடில் செட்டு போடுவோம்: மாதா, சூசையப்பர், இடையர்கள், ராஜாக்கள், ஆடு மாடு, நடுவில் வைக்கோல்மேல் வைக்கக் கையடக்கமாக ஒரு குழந்தை இயேசு. மூன்று பூங்காக்காரர்களும் இந்த வருடம் என்னிடம் ஆர்டர் கொடுத்தார்கள். கொடுக்கப் போகும்போது அண்ணனையும் அழைத்துப்போனேன்.

அண்ணன் ஜெரோமுக்கு வயது ஐம்பதை நெருங்குகிறது. புத்தி மட்டும் ஐந்தாம் வகுப்பிலேயே நின்றுவிட்டது. வலிப்பும் உண்டு, காலையும் ராத்திரியும் மாத்திரை போட்டால் அடங்கி இருக்கும். அம்மா சாகும்போது அவன் கையை என் கையில் வைத்துவிட்டுப் போனாள். அன்றிலிருந்து நான் எங்கள் மாதா கோவில் பங்கு முழுக்க நல்ல தம்பி. கோவில் வாசலில் என்னைப் பார்த்து உச்சுக் கொட்டாத பெண்பிள்ளை கிடையாது. உச்சுக் கொட்டியவர்களில் ஒருத்திகூட ஒரு நாள், ஒரே ஒரு நாள், அவனைத் தன் வீட்டில் வைத்துக்கொண்டதில்லை.

எங்கள் பங்கில் ஒரு வழக்கம். குடிலை முன்னாலேயே கட்டிவிட்டாலும் குழந்தையை மட்டும் நள்ளிரவுப் பூசையில்தான் வைப்பார்கள். அதுவரை வைக்கோல் காலியாகக் கிடக்கும். குழந்தையைத் துணியில் சுற்றித் தூக்கிவருவது அண்ணன் வேலை. வருடம் முழுக்க அவன் வாழ்வதே அந்தப் பத்தடி நடைக்குத்தான்.

பூங்காக்காரர்களுக்கு இதெல்லாம் எங்கே தெரியும். சென்னைப் பூங்காவில் நாங்கள் இறக்கி வைத்த கையோடு குழந்தையையும் வைத்துவிட்டார்கள். பக்கத்தில் பஞ்சுத் தாடி ஒட்டிய கிறிஸ்துமஸ் தாத்தா வியர்த்து ஒழுகிக்கொண்டு குத்துப்பாட்டுக்கு ஆடினார். அண்ணன் நேராகப் போய்க் குழந்தையை எடுத்து மடியில் ஒளித்துக்கொண்டான்.

"யார்றா வச்சது, ஸ்தனி? இன்னும் பொறக்கவே இல்லடா."

காவலாளி ஓடிவந்தான். மைக்கில் அறிவித்து என்னைத் தேடிப்பிடித்தார்கள். நான் டீ குடித்து முடிப்பதற்குள் அவனைக் கொண்டுவந்து ஒப்படைத்துவிட்டார்கள். அந்த இடம் சரிப்படாது என்று அப்போதே முடிவு செய்தேன்.

எதற்குச் சரிப்படாது என்று கேட்கிறீர்கள். அதற்கு முன்னால் திட்டக்குடிக்காரர்களைச் சொல்ல வேண்டும். நவம்பரில் என் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். அவர்கள் வந்த நேரம் பார்த்து அண்ணனுக்கு வலிப்பு. கூடத்து நடுவில் விழுந்து வெட்டி இழுத்தது. மாப்பிள்ளையின் அப்பா காலைத் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொண்டு கேட்டார்.

"பொண்ணப் புடிச்சிருக்குதுங்க. ஆனா இது ரத்தத்துல வர்றதுங்களா?"

என் மனைவி அன்னமேரி அவசரமாகச் சொன்னாள்: "இல்லீங்க, சின்ன வயசுல காய்ச்சல்ல வந்துதுங்க."

அவர்கள் கேசரியைக்கூடத் தொடவில்லை. மகள் அழுதாள். அண்ணன் எழுந்து, யாரும் தொடாத கேசரியை எல்லாம் தின்றான். எனக்குக் கோபம் வரவில்லை. ஒரு தெளிவுதான் வந்தது.

சேலம் பூங்காவும் உதவவில்லை. அலங்காரம் கேவலம்தான், மரம் முழுக்க குளிர்பான விளம்பரம். ஆனால் கேக் விற்கும் பெண் ஒருத்தி அண்ணனைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஊர் பெயர், தம்பி பெயர் எல்லாம் பொறுமையாகக் கேட்டு வாங்கிவிட்டாள். கொஞ்சம் மனிதத்தன்மை மிச்சமிருக்கும் இடம். வேண்டாம் என்று கிளம்பிவிட்டோம்.

மூன்றாவது, கோயம்புத்தூர்ப் பக்கம் இருப்பது, மூன்றிலும் மட்டம். ஆர்டர் பேசப் போனபோதே பார்த்திருந்தேன். குடிலுக்கென்று அவர்கள் ஒதுக்கிய இடம் ஒரு மூலை. பின்னால் சாக்குத்துணியில் சாயம் பூசிக் கட்டிய பொய் மலை. உள்ளே ஓர் ஆள் புகுந்துகொள்ளலாம். ஜனங்கள் தண்ணீர்ச் சறுக்கிலும் சாப்பாட்டு வரிசையிலும் மொய்த்தார்கள். பெற்ற பிள்ளை தொலைந்தால்கூடப் படம் பிடித்து முடித்துவிட்டுத்தான் தேடுவார்கள். அந்த ஜனங்களை நம்பலாம்.

அந்தப் பூங்காவுக்குப் போகும் பெட்டியை நானே கட்டினேன். எல்லாப் பொம்மையும் வைத்தேன், குழந்தையைத் தவிர.

பூங்காவில் குடிலை அடுக்கி முடித்ததும் அண்ணன் காலியான வைக்கோலைப் பார்த்துச் சிரித்தான். ஒழுங்கு தெரிந்தவர்கள் என்று நினைத்திருப்பான். நான் சொன்னேன்: "இங்கயே குந்தியிரு, ண்ணே. கொழந்தய வச்சதும் வந்து வூட்டுக்குக் கூட்டினு போறேன்."

"சரிடா. பாத்துப் போ," என்றான்.

நான் மட்டும் ஊர் திரும்பினேன். அவன் மாத்திரை என் பையிலேயே இருந்தது. மறந்துவிட்டேன் என்று எழுதிக்கொண்டால் எனக்கு நல்லது. ஆனால் நான் மறக்கவில்லை. வீட்டில், புதுச்சேரியில் சிஸ்டர்கள் நடத்தும் இல்லத்தில் சேர்த்துவிட்டதாகச் சொன்னேன். அன்னமேரி மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. அவளையும் நல்லவள் என்கிறார்கள்.

மறுநாள் பூங்கா மேனேஜர் போன் செய்தார். "எல்லாம் வந்துருச்சுங்க, குழந்தை மட்டும் காணோமே?"

"அடுத்த வண்டியில வரும்ங்க," என்றேன்.

"குடில்கிட்ட ஒருத்தர் நேத்துலேருந்து உக்காந்தே இருக்காருங்க. உங்க ஆளுங்களா?"

"இல்லீங்க."

அப்படியானால் வெளியே அனுப்பிவிடுவதாகச் சொன்னார். அனுப்பப் பார்த்திருக்கிறார்கள். அவன் போக்குக் காட்டிவிட்டுத் திரும்பி வந்து மலைக்குள் புகுந்துகொண்டான் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். சொன்ன பேச்சைத் தட்டமாட்டான். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் காலையில் கூட்டுகிறவர்கள் பார்க்கும்போது உடம்பு விறைத்திருந்ததாம். மார்போடு ஓர் ஆட்டுக்குட்டி பொம்மை. அதன் அடியில் என் யூனிட் முத்திரை. அதைப் பார்த்துத்தான் என்னிடம் வந்தீர்கள்.

அன்றிரவு எங்கள் கோவிலில் குழந்தையைத் தூக்கிவர ஆள் இல்லை. பங்குச்சாமி என்னையே தூக்கிவரச் சொன்னார். கோயம்புத்தூர் பெட்டியில் வைக்காத குழந்தை கைவசம் இருந்தது. அதையே துணியில் சுற்றித் தூக்கிவந்தேன். பெண்பிள்ளைகள் வழக்கம்போல உச்சுக் கொட்டினார்கள்.

நான் செய்ததை எல்லாம் ஒப்புக்கொள்கிறேன். அண்ணனை ஏமாற்றினேன் என்று மட்டும் எழுதாதீர்கள். குழந்தையை வைத்ததும் வருகிறேன் என்றுதான் சொன்னேன். அங்கே இன்னும் வைக்கவில்லை.