வெறுப்பு என்று எழுத வேண்டாம்

விளக்கமறியல் சிறையில் தொலைக்காட்சி உண்டு என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. சனிக்கிழமைகளில் கிரிக்கெட், மற்ற நாட்களில் என் வழக்கு.

நேற்று இரண்டு பேர் விவாதித்தார்கள். கோட் போட்ட பேராசிரியர், நான் செய்தது வெறுப்புக் குற்றம் என்றார். யாழ்ப்பாணத்து உத்தியோகத்தரை மலையகத்துக்காரன் வெட்டினால் வேறென்ன பெயர் என்று கேட்டார். தொழிற்சங்கக்காரர் மேசையைத் தட்டி, அது மனைவியைப் பறிகொடுத்தவனின் துக்கம் என்றார். என் மனைவியின் பெயரைச் சுலோச்சனா என்றார். அவள் சுலக்ஷனா. அவருடைய துக்கம் அவ்வளவுதான்.

பக்கத்துப் பாய் ஆண்டியப்பன் கசிப்புச் சாராயம் காய்ச்சிய வழக்கில் வந்தவர். அவருக்கும் ஒரு கருத்து இருந்தது.

"துக்கம்னே சொல்லுங்க மாஸ்டர். துக்கத்துக்கு வருசத்தக் கொறைப்பாங்க. வெறுப்புக்கு எவன் கொறைப்பான்?"

குறைப்பது கூட்டுவது உங்கள் வேலை, நீதிபதி ஐயா. ஆனால் பதிவில் எந்தச் சொல் நிற்கப்போகிறது என்பது எனக்கு முக்கியம். நான் பல்கலைக்கழகம் போனவன். தோட்டப் பாடசாலையில் புவியியல் படிப்பிக்கிறேன். என்னைப் பற்றி அரைகுறையாகப் படித்தவர்கள் முடிவு செய்வதை நான் விரும்பவில்லை.

எங்கள் தேயிலைத் தோட்டம் அக்கரப்பத்தனைக்கு மேலே. அவசரம் என்றால் தோட்டத்து லொறியில்தான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். லொறி எடுக்கத் தோட்ட மருந்தகத்தில் துண்டு எழுதித் தர வேண்டும். ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல், கர்ப்பத்தின் ஏழாம் மாதத்தில், சுலக்ஷனாவுக்கு இரத்தம் போகத் தொடங்கியது. தூக்கிக்கொண்டு போனேன். நாற்காலியில் இருந்தவர் அவளைப் பார்த்தார். லொறி கொழுந்து ஏற்றுகிறது, பக்டரியில் இறக்கிவிட்டு வரட்டும், இல்லாவிட்டால் கொழுந்து சூடேறிவிடும் என்றார். இரண்டு மணி நேரம் கழித்துத் துண்டு கிடைத்தது. பெரிய வீதியை எட்டும் முன்பே அவள் இறந்துவிட்டாள்.

மருந்தகப் பொறுப்பாளர் நடராசா. பதினொரு வருடமாக எங்கள் தோட்டத்தில் இருந்தார். யாரையும் ஏசியதில்லை. குழந்தைகளைக்கூட 'வாங்கோ, இருங்கோ' என்பார். எங்கள் மண்ணில் உட்கார்ந்துகொண்டு எங்களுக்கு மரியாதை கற்பிப்பது போலிருக்கும். அதைக் கேட்டால் எனக்குப் பல் கூசும். அவருடைய மனைவி குணபூசணி வாசலில் முருங்கை வளர்த்தார். இந்தக் குளிரில் முருங்கை வராது. அதைப் பார்த்தாலும் எனக்கு எரிச்சல் வரும். இதெல்லாம் ரசனை சம்பந்தப்பட்டது. இதற்குப் பேராசிரியர் தேவையில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் மருந்தகத்துக்குப் போனேன். பையில் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி இருந்தது. எனக்கு முன்னால் வீரம்மா இருமிக்கொண்டு நின்றார்.

"நீங்க முன்னுக்குப் போங்க மாஸ்டர். ஒங்களுக்கு இல்லாத அவசரமா?"

வேண்டாம் என்றேன். வரிசையை மீறுவது எனக்குப் பிடிக்காது.

என் முறை வந்தது. நடராசா எழுந்து நின்றார்.

"இருங்கோ தம்பி. மனுசியின்ரை விசயம் கேட்டதிலையிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கேல்லை. நான் அண்டைக்கு லீவிலை ஊரிலை நிண்டனான். இஞ்சை நிண்டிருந்தா, லொறியிலை கிடந்த கொழுந்தை நானே இறக்கி எறிஞ்சிருப்பன்."

"தெரியும் சேர்" என்றேன்.

உண்மையில் தெரியும். அன்று நாற்காலியில் இருந்தது அவருடைய உதவியாளன் செல்லசாமி. எங்கள் லயத்து வீட்டு வரிசையில், ஐந்தாம் காம்பராவில் பிறந்தவன். சுலக்ஷனாவின் பாடைக்குத் தோள் கொடுத்தான். குழிக்கரையில் என்னைக் கட்டிக்கொண்டு அழுதான். நம்முடைய பையன். மேலே இருப்பவர்களுக்குப் பயந்தவன். அவன் என்ன செய்வான்?

ஆனால் ஒருவர் பதில் சொல்ல வேண்டியிருந்தது. நடராசாவின் கழுத்தில் மூன்று முறை வெட்டினேன். முதல் வெட்டுக்குப் பிறகும் அவர் என்னைத் 'தம்பி' என்றார். அதனால்தான் மற்ற இரண்டும். திட்டமிட்டுத்தான் செய்தேன், சுயநினைவோடு செய்தேன். அதில் விவாதிக்க ஒன்றுமில்லை.

அந்த நாற்காலி இப்போது செல்லசாமிக்கு. போன வாரம் பிஸ்கட் வாங்கிக்கொண்டு என்னைப் பார்க்க வந்தான். கையைப் பிடித்துக்கொண்டு பேசினோம். அவன்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. நீங்களே சொல்லுங்கள் ஐயா, வெறுக்கத் தெரிந்தவனாக இருந்தால் முதலில் அவனையல்லவா வெட்டியிருப்பேன்.