முன்னறிவிப்பு இல்லாத சோதனை

டீ நன்றாக இருந்தது, இன்ஸ்பெக்டர் சார். இன்னொரு டம்ளர் வேண்டாம், சொல்லிவிடுகிறேன்.

நானும் தம்பியும் ஒரே மின் அலுவலகம். அவனுக்கு விண்ணப்பம் பூர்த்தி செய்து கொடுத்ததே நான்தான். திடீரென்று கரன்ட் போனால் ஒரு கட்டடம் எவ்வளவு நேரம் தாங்குகிறது, எவ்வளவு சீக்கிரம் சமாளித்து எழுகிறது என்று அளந்து, நூற்றுக்கு மதிப்பெண் போடுவது எங்கள் வேலை. இருபது வருடம் நான் நோட்டில் எழுதிவந்ததை அவன் இரண்டே வருடத்தில் ஓர் அட்டவணையாக்கினான். அதிகாரிகள் தலையில் தூக்கிவைத்து ஆடினார்கள். அம்மா பார்க்கிறவர்களிடமெல்லாம் சின்னவனுக்கு மூளை, பெரியவனுக்கு உழைப்பு என்பாள். வயிறு எரிந்தது, மறுக்கவில்லை. ஆனால் நான் செய்தது அதனால் இல்லை.

பெரிய ஆஸ்பத்திரிக்கு அவன் தொண்ணூற்றாறு போட்டான். எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியாது. நாளை சோதனைக்கு வருகிறோம் என்று முந்தின நாளே போன் செய்துவிடுவோம். அவர்களும் ஜெனரேட்டரை ஓட்டிப் பார்த்து, பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றித் தயாராக இருப்பார்கள். போன வாரம் சொல்லாமல் போய்ப் பார்த்தேன். ஜெனரேட்டர் பேட்டரி செத்துக் கிடந்தது. மூச்சு இயந்திரங்களுக்குள் இருந்த பேட்டரிகளும் அப்படித்தான். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மாற்றிவிடுவார்கள், தொண்ணூற்றாறு சரியாகிப்போகும்.

அம்மா அந்த வார்டில்தான் மூச்சு இயந்திரத்தோடு படுத்திருந்தாள். காலையில் தம்பி கூட இருப்பான், மாலை என் முறை.

செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்குக் கட்டுப்பாட்டு அறையில் நான் மட்டும். ஆஸ்பத்திரி லைனை நிறுத்தினேன். ஐந்தாவது நிமிடம் போட்டுவிட்டு, சின்னவன் போட்ட மார்க்கின் லட்சணத்தை அம்மாவிடமே சொல்வதாகத் திட்டம். நான்காவது நிமிடத்தில் தம்பி கூப்பிட்டான். யாரோ போனை அவன் காதில் பிடித்திருந்தார்கள்.

"அண்ணா, ஜெனரேட்டர் எடுக்கல. அம்மாவுக்கு நான்தான் பையை அமுக்கிக் காத்து குடுத்துட்டிருக்கேன். லைனைப் பாருண்ணா, உன் கால்ல விழறேன்."

அவன் என்னிடம் கெஞ்சியது அதுதான் முதல் தடவை. இதமாக இருந்தது. பார்க்கிறேன், பதறாதே என்றேன். ஒன்பதாவது நிமிடத்தில் லைனைப் போட்டேன்.

பக்கத்துக் கட்டில்களில் இருவர் போய்ச் சேர்ந்தார்கள். ஒரு பள்ளி ஆசிரியை, ஒரு பஸ் டிரைவர். அவர்களோடு எனக்கு ஒரு பகையும் இல்லை.

மாலை என் முறைக்குப் போனேன். அம்மா முகமூடியை விலக்கி, "சின்னவன் இல்லேன்னா நான் இன்னிக்கு இல்லடா" என்றாள். அவன் விரல்கள் வீங்கியிருந்தன. அதைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

பொறாமை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், சார். நான் செய்தது அளவீடு. அதில் ஒரே ஒரு குறை: ஒன்பது நிமிடத்துக்கு அவன் கை தாங்கிவிட்டது. பதினைந்து வரை விட்டிருக்க வேண்டும்.