பிளாஸ்திரி ஒட்டின சாயங்காலம்

(அம்மா பேசும்போது என் வலது கண்ணைத்தான் பார்க்கிறா. இடது கண்ணுக்கு வர்றதுக்குள்ள பேச்சு முடிஞ்சுடும்.)

— என்னடி, நான் பாட்டுக்குக் கேட்டுட்டிருக்கேன், நீ அந்தத் திரைத்துணியவே நீவிட்டிருக்கே? ஆஸ்பத்திரித் தாள்ல கையெழுத்துப் போடப் போறியா, இல்லியா?

— துணி சுருங்கியிருந்தா போட்டோவுல வானமே கசங்கின மாதிரி விழும்மா. அந்த முனையைக் கொஞ்சம் பிடி.

— வானம் கெடக்கட்டும். தொங்கிக் கிடக்கிற அந்த இடது இமையைப் பத்திப் பேசு. ஒரு மணி நேரம்கூட ஆகாதுன்னு டாக்டர் சொன்னதா நீதானே வந்து சொன்னே. மரத்துப்போக ஒரு ஊசி, நாலு தையல். சாயங்காலமே வீட்டுக்கு வந்துடலாம்.

— பார்வையை மறைக்கலை, இஷ்டம்னா செய்யலாம்னும் சொன்னாரு. அது மட்டும் உன் காதுல விழலையாக்கும்.

— இஷ்டம் இல்லாமத்தான் தனியா டாக்டர்கிட்ட போனியா?

— ஆசை இல்லாம இல்லம்மா. பள்ளிக்கூடத்துலேர்ந்து தூங்குமூஞ்சின்னு பேரு. இந்த ஸ்டூடியோவுல உட்கார்றவங்ககூட முதல்ல கேட்கிறது, ராத்திரி தூக்கம் இல்லையான்னுதான்.

— தலையைச் சாய்ச்சுச் சாய்ச்சுப் பார்க்கிறியே, அதையும் சொல்லு. நீ கேமராவுக்குப் பின்னாடி சாய்க்கிறே, எதிர்ல உட்கார்ந்தவங்களும் தன்னால சாய்க்கிறாங்க. ஊருல பாதிப் பேரு போட்டோ காத்தடிச்ச பயிர் மாதிரி ஒரே பக்கமா நிக்குது. போன வாரம் ஒருத்தர் பாஸ்போர்ட் படத்தைத் திருப்பிக் கொண்டாந்தாரே, கழுத்து சுளுக்கினவன் மாதிரி இருக்கேன்னு.

— அவருக்கு நிஜமாவே சுளுக்கும்மா. தைலம் வாசனை எனக்கே அடிச்சுது.

— சிரிக்காதே. ரெண்டு கண்ணும் ஒண்ணா ஆயிட்டா தலை தானா நிமிரும்.

— நிமிர்ந்துச்சே. எப்படி இருக்கும்னு காட்ட, டாக்டர் பிளாஸ்திரி ஒட்டி இமையைத் தூக்கி விட்டாரு. அதைப் பிரிக்காமத்தான் அன்னிக்கு வீட்டுக்கு நடந்து வந்தேன். மரமெல்லாம் இன்னும் ஒரு ஆள் உயரம் வளர்ந்திருந்துச்சு. மாடியில காயற துணியெல்லாம் என்னைப் பார்த்துக் கையாட்டுச்சு. கனவுல வேற யாரோட தெருவுலயோ போற மாதிரி. மருந்துக்கடைக் கண்ணாடியில ஒருத்தி கூடவே வந்தா. நான் நின்னதும் நின்னா.

— யாருடி?

— பெரியவ. என்னம்மா, துணி கையை விட்டு நழுவுது பாரு.

— அவ போய்ச் சேர்ந்து மூணு வருஷம் ஆச்சு. இப்ப எதுக்கு அவ பேச்சு?

— எனக்கு எட்டு நிமிஷம் முன்னாடி பொறந்தவம்மா. இந்த இமை ஒண்ணு இல்லேன்னா ரெண்டு பேரையும் என்னாலயே பிரிச்சுச் சொல்ல முடியாதுன்னு நீதானே சொல்லுவே?

— வயித்துக்குள்ள அவ முழங்கை உன் கண்ணுல இடிச்சிருக்கும். அப்பவே அவசரக்காரி. எல்லாத்துலயும் முந்திக்கிட்டா.

— அன்னிக்கு நான் உள்ள வந்தப்ப நீ நாற்காலியில கண்ணசந்திருந்தே. வெயில் உன் மடியில வந்து படுத்திருந்துச்சு. கண்ணைத் திறந்து என்ன சொன்னேன்னு ஞாபகம் இருக்கா?

— தூக்கக் கலக்கத்துல என்னத்தைச் சொன்னேனோ.

— "பெரியவளே, வந்துட்டியா? ஏண்டி இவ்வளவு நேரம்?"ன்னே. சொல்லிட்டு என் ரெண்டு கண்ணையும் பார்த்தே. அப்படி நீ என்னைப் பார்த்ததே இல்லம்மா.

— நீ... நீ என்ன சொன்னே?

— "வந்துட்டேம்மா"ன்னேன். வேற என்ன சொல்ல?

— கனவுன்னு நினைச்சேன்டி. வெளியில சொன்னா கலைஞ்சுடும்னு யார்கிட்டயும் சொல்லலை. கன்னத்தைத் தொட்டேன், வெயில்ல நடந்து வந்த சூடு இருந்துச்சு. கனவுல எங்கேயாவது சூடு தெரியுமான்னு எனக்கே...

— நான்தாம்மா அது. உன்னைத் தூங்க வெச்சுட்டு, கொல்லைப் பக்கம் போய்ப் பிரிச்சேன். ரெண்டு இமைமுடியும் சேர்ந்து வந்துச்சு.

— சின்னவளே.

— சொல்லு.

— அந்தப் பிளாஸ்திரி இன்னும் இருக்கா?

— மேஜை டிராயர்ல ஒரு சுருள் இருக்கு.

— ஆபரேஷன் வேண்டாம்டி. கையெழுத்தும் வேண்டாம், அந்தத் தாளைக் கிழிச்சுப் போட்டுடு. ஒரே ஒரு தடவை அதை ஒட்டிட்டு வந்து வாசப்படியில நில்லேன். நான் கண்ணை மூடிட்டு உட்கார்ந்திருக்கேன்.

— மாட்டேம்மா. இங்க வா, இந்த முக்காலியில உட்காரு, உன்னை ஒரு படம் எடுக்கிறேன். கேமராவைப் பார்க்க வேண்டாம், என் இடது கண்ணைப் பாரு.