எட்டை மூன்று என்றேன்

டீ ஆறிப் போகும், குடியுங்கள் மேடம். நான் போட்ட டீ, சுமாராகத்தான் இருக்கும். என் மகள் ஷர்மிளா இருந்தால் இஞ்சி தட்டிப் போட்டிருப்பாள். அவள் ஜீடிமெட்லாவில் ஷெட்டைப் பார்க்கப் போயிருக்கிறாள்.

நீங்கள் வக்கீல், பேர் ப்ரியம்வதா. கார்டைப் பார்த்து அவள்தான் படித்துச் சொன்னாள். என் மருமகன் ஃபெலிக்ஸ் பட்டான்செருவில் மருந்துக் கம்பெனி டாங்கிக்குள் இறங்கிச் செத்துப் போனான். அதற்கு நஷ்டஈடு கேட்டுக் கேஸ் நடத்துகிறீர்கள். நல்லது. என்னிடம் நீங்கள் கேட்டது ஒரே ஒரு கேள்வி. சொந்தமாக ஷெட் வைத்து ஆள் வைத்து வேலை வாங்கியவன், டாங்கி கழுவுகிற காண்ட்ராக்ட் கூலியாக ஏன் போனான்? போலீஸ் வந்தான், பேப்பர்காரன் வந்தான், சர்ச்சிலிருந்து பாதி சபை வந்தது. ஒருத்தனுக்கும் இது தோன்றவில்லை. உங்களுக்குத் தோன்றியதால் சொல்கிறேன். நடுவில் பேசாதீர்கள், எனக்குக் கோர்வை விட்டுப் போகும்.

நான் மூன்றாவது வகுப்போடு நின்றவன். எழுத்து வராது. ஆனால் எண் வரும். லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேகனுக்கு நம்பர் எழுதியதுதான் என் உத்தியோகம். எண்ணை வெட்டிய தகட்டை வேகன்மேல் வைத்து, பிரஷ்ஷால் வெள்ளைப் பெயிண்டை அடிக்க வேண்டும். தகடு பழசானால் எட்டுக்கும் மூன்றுக்கும் வித்தியாசம் தெரியாமல் போகும். மற்றவன் எல்லாம் தடுமாறுவான். நான் கையால் தடவியே சொல்லிவிடுவேன். என் நம்பர் தப்பி ஒரு வேகன்கூட வேறு ஊருக்குப் போனதில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு உதவும்.

ஃபெலிக்ஸ் செய்தது ரப்பர் வளையம். மருந்துக் கம்பெனி மெஷினில் கசியாமல் இருக்க மாட்டுவது. வளையம் விற்கிறவனுக்கு விசிட்டிங் கார்டு, பாலிஷ் போட்ட ஷூ, காதில் போன் பேச ஒரு மெஷின். என்னை மாமா என்று ஒருநாளும் கூப்பிட்டதில்லை. அங்கிள். நான் என்ன அவன் பக்கத்து ஃபிளாட்டுக்காரனா?

ஜிஎஸ்டி ரிட்டர்ன் என்று மாசாமாசம் ஒன்று இருக்கிறது, உங்களுக்குத் தெரியாததா. இருபதாம் தேதிக்குள் போட வேண்டும். ஒன்றாம் தேதியே போட்டால் யாராவது அடிப்பார்களா? இருபதாம் தேதி சாயங்காலம் ஆறு மணி ஆனால்தான் இவனுக்கு இருபதாம் தேதி பிறக்கும். ரயில் கார்டு கொடியை ஆட்டிய பிறகு வண்டியைக் கழுவ வாளி தேடுகிற ஜாதி. சில மாசம் போடவே மாட்டான். ஆடிட்டர் உமேஷ் இன்னொரு மேதை. பில்லை அனுப்பு, பில்லை அனுப்பு என்று கத்திக்கொண்டே அவனும் தூங்குவான்.

அதில் என் போன் நம்பர் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். தொழிலைப் பதிந்த மறுநாளே, லோன் வேண்டுமா என்று ஊரில் உள்ளவனெல்லாம் போன் அடிப்பானாம். அந்த இம்சை அவனுக்கு எதற்கு, கிழவன் சும்மாதானே கிடக்கிறான் என்று என் நம்பரைக் கொடுத்துவிட்டான். ஈமெயில் பழைய ஆடிட்டருடையது. அந்த ஆள் கடையை மூடிவிட்டு எங்கேயோ போய்விட்டான். ஆகக் கூடி, ரிட்டர்ன் போட்டால் ஆறு எண் என் போனுக்குத்தான் வரும். நான் சொன்னால்தான் கதவு திறக்கும்.

"அங்கிள், ஓடிபி வந்துச்சா? கண்ணாடி போட்டுக்குங்க. ஒண்ணொண்ணா சொல்லுங்க."

பின்னால் உமேஷ் சிரிப்பது கேட்கும். "தாத்தகாருக்கு நம்பரெல்லாம் தெரியுமா?"

"ஹவ், தெரியும். எட்டு மட்டும்தான் தகராறு," என்பான் ஃபெலிக்ஸ்.

ஒரே ஒரு தடவை போனில் குரல் விட்டு விட்டுக் கேட்டு, எட்டா மூன்றா என்று திருப்பிக் கேட்டான். அதிலிருந்து அது அவர்களுக்கு ஒரு ஜோக். வேகன் வேகனாக எட்டு எழுதியவனிடம்.

அந்த மெசேஜில் எண்ணுக்குக் கீழே இங்கிலீஷில் ஏதோ இருக்கும். என்ன என்று ஷர்மிளாவிடம் கேட்டேன். "இதை யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு போட்டிருக்குப்பா," என்றாள். சர்க்கார் சொல்லாதே என்கிறது, இவன் சொல்லு என்கிறான். நான் யார் பேச்சைக் கேட்பது? அப்போதெல்லாம் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன்.

போன வருஷம் ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தபோது ஷர்மிளா சொன்னாள். "ப்பா, சைனிக்புரியில வீடு பார்த்திருக்கோம். நீங்களும் வந்துருங்களேன்."

நான் பதில் சொல்வதற்குள் அவன் சொன்னான். "அங்கிளுக்கு அங்க செட் ஆகாது ஷர்மி. அவர் ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் இங்கதானே."

எனக்கு ஃப்ரெண்ட்ஸ் கிடையாது மேடம். செத்தவன் போக மிச்சம் எல்லாம் உருப்படாதவன். என் மனைவி நாகம்மா போனதிலிருந்து எனக்குச் சோறு போடுகிறவள் ஷர்மிளா. ரசத்தை ஊற்றிக்கொண்டேன்.

அந்தச் சமயம் அவன் ஆறு மாச ரிட்டர்ன் போடாமல் வைத்திருந்தான். நோட்டீஸ் வந்துவிட்டது. இன்ன தேதிக்குள் ஆறையும் போடு, இல்லாவிட்டால் பதிவு ரத்து. பதிவு இல்லாதவனிடம் எந்தப் பெரிய கம்பெனியும் ஒரு வளையம்கூட வாங்க மாட்டான். அந்த எச்சரிக்கையும் முதலில் என் போனுக்குத்தான் வந்திருக்கிறது. இங்கிலீஷில் இருந்தது, நான் என்ன செய்ய.

கடைசி நாளன்று எங்கெங்கோ புரட்டி வரியைக் கட்டிவிட்டு, அவனும் உமேஷும் ஷெட்டில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார்கள். ஒரு மாசத்தை முடித்தால்தான் அடுத்த மாசம் திறக்குமாம். ஒவ்வொன்றுக்கும் ஆறு எண். முதல் ஐந்துக்கும் சரியாகச் சொன்னேன். அப்படிச் சொன்னால்தான் ஆறாவதில் யாருக்கும் சந்தேகம் வராது.

ஆறாவதில் கடைசி எண் எட்டு. மூன்று என்றேன்.

"தப்புன்னு வருது அங்கிள். நல்லா பாருங்க."

"மூணுதாம்பா."

திரும்ப அனுப்பினார்கள். இந்தத் தடவை எட்டு நடுவில் வந்தது. அதையும் மூன்று என்றேன். "நான் சொல்லல? எட்டு," என்று அவன் உமேஷிடம் சொல்வது கேட்டது. ஒரு தடவை தப்பாகப் போட்டால் அந்த எண் செத்துவிடுமாம், பிறகு எட்டைப் போட்டாலும் எடுக்காது. இப்போது சிரிக்கவில்லை. "அங்கிள், பக்கத்து வீட்ல யார்கிட்டயாவது போனைக் காட்டுங்க."

"நக்கோப்பா. யாருக்கும் காட்டக் கூடாதுன்னு அதுலயே போட்டிருக்கு."

"அப்போ இருங்க, நானே வர்றேன்."

ஜீடிமெட்லாவிலிருந்து இங்கே வர, சாயங்கால நெரிசலில் எவ்வளவு நேரம் ஆகும் என்று ஹைதராபாத்தில் இருக்கிறவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் அவசரப்படவில்லை. போனைத் திறந்து சிம்மை எடுத்து, வெற்றிலை மாதிரி மடித்து, பல்லால் கடித்தேன். போனைத் தண்ணீர் டிரம்மில் போட்டேன். வந்தவனிடம், கை தவறி விழுந்துவிட்டது என்றேன். அவன் டிரம்முக்குள் கையை விட்டுத் துழாவி எடுத்தான். சட்டை தோள்வரை நனைந்தது. சிம் இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தான். கிழவனைத் திட்டக்கூடத் துப்பில்லை. இவனெல்லாம் தொழில் செய்ய வந்தவன்.

ரத்தானதைத் திரும்ப வாங்க வழி இருக்கிறது என்றான் உமேஷ். அதற்கும் அதே நம்பர் வேண்டும். நம்பர் என் பேரில். சிம் கடைக்கு என்னைக் கூட்டிப் போனார்கள். அங்கே ஆதார் மெஷினில் விரலை வைக்க வேண்டும். பெயிண்டும் தின்னரும் பட்ட விரல், ரேகை தேய்ந்திருக்கும் என்று கடைக்காரனே சொல்லிக் கொடுத்தான். நான் லேசாக வைத்தேன். சிவப்பு லைட். இன்னொரு விரல். சிவப்பு. மறுவாரம் போனோம், அதற்கு மறுவாரமும் போனோம். ஜிஎஸ்டி ஆபீசில் எழுதிக் கொடுத்து நம்பரை மாற்ற ஃபெலிக்ஸ் அலைந்தான். இன்றைக்கு ஐயா லீவு, நாளைக்கு ஐயா மீட்டிங். அதற்குள் வளையம் வாங்கியவன் எல்லாம் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டான். ஷெட் பூட்டிக் கிடந்தது. சைனிக்புரிப் பேச்சு நின்றது. ஷர்மிளா எப்போதும் போலச் சமைத்தாள்.

பட்டான்செருவில் ஆள் எடுக்கிறார்கள் என்று அவனுக்குச் சொன்னது யார் என்று கேட்காதீர்கள், நான்தான். டீக்கடையில் ஒருத்தன் சொல்லிக்கொண்டிருந்தான், அந்த டாங்கியில் வாடை ஆகாது, போன ஆள் மயங்கி விழுந்து பாதியிலேயே ஓடிவிட்டான் என்று. வேலை காலி என்பதை மட்டும் வீட்டில் சொன்னேன். வாடையை ஏன் சொல்ல வேண்டும்? எந்த வேலையில் வாடை இல்லை, நான் தின்னரில் குளித்தவன்.

ஃபெலிக்ஸ் இந்த நாற்காலியில்தான், நீங்கள் உட்கார்ந்திருக்கிற இடத்தில், உட்கார்ந்திருந்தான். ஷூ பாலிஷ் போய்ப் பல நாள் ஆகியிருந்தது.

"மாமா, போகட்டுமா?" என்றான்.

முதல் தடவையாக மாமா. போ என்றேன்.

மூன்றாம் மாசம் கொண்டு வந்தார்கள். அடக்கம் முடிந்து ஒரு வாரம் கழித்து, நானே தனியாக அந்த சிம் கடைக்குப் போனேன். விரலை நன்றாக அழுத்தினேன். முதல் தடவையே பச்சை லைட்.

இதில் என் தப்பு என்ன இருக்கிறது? கெடு வைத்தது சர்க்கார். கடைசி நாள்வரை தூங்கியது அவன். முகமூடி கொடுக்காமல் டாங்கிக்குள் இறக்கியது கம்பெனிக்காரன். நான் ஒரு எண்ணை மாற்றிச் சொன்னேன், அவ்வளவுதான்.

எழுதிக்கொள்கிறீர்களா, எழுதுங்கள். ஷர்மிளாவிடம் படித்துக் காட்டினாலும் நம்ப மாட்டாள். எங்கப்பாவுக்கு எட்டுக்கும் மூணுக்கும் வித்தியாசம் தெரியாது மேடம் என்று அழுவாள். அதே ஷெட்டை இப்போது அவள் பேரில் பதிந்து திறந்துவிட்டாள். பெண்பிள்ளை நம்பரைக் கண்டவனுக்குத் தெரிகிற மாதிரிப் போடாதே என்று நான்தான் என் நம்பரைக் கொடுக்கச் சொன்னேன். நன்றாகத்தான் நடத்துகிறாள். பிடிவாதக்காரி. போன வாரம் சாப்பிடும்போது சொன்னாள், தினம் போய்வர முடியவில்லை, ஷெட் பக்கத்திலேயே ஒரு வீடு பார்க்கிறேன் என்று. நீங்களும் வாங்கப்பா என்றாள். வாய் வார்த்தைக்கு.

இன்றைக்கு இருபதாம் தேதி.

இருங்கள், போன் அடிக்கிறது. அவள்தான். மெசேஜும் வந்துவிட்டது. பாருங்கள், கண்ணாடி இல்லாமலே தெரிகிறது. நாலு, ஒன்று, எட்டு, பிறகு இரண்டு சைபர், கடைசியில் ஏழு. அவள் என் ரத்தம் மேடம், அவளுக்குப் போய் நான் கெடுதல் செய்வேனா?

"சொல்லும்மா. வந்திருச்சு, எழுதிக்கோ. நாலு. ஒண்ணு. மூணு..."