காலி இடம் வரைகிறவர்

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் இருந்தவரிடம் பக்கத்திலிருந்த கொத்தமல்லிக் கூடைக்கார அம்மா பேச்சுக் கொடுத்தார்.

"ஓசூர்ல என்னா வேல தம்பி?"

"காலி இடம் வரையறேம்மா."

"அட, அதுக்கும் சம்பளம் தராங்களா?"

"கேஸ்ல ஓடுற கரண்ட் பிளான்ட்டும்மா. புகையில இருக்கிற கார்பனைப் பிடிக்கிற மெஷினை அப்புறமா வெப்பாங்க. அதுக்குப் பிளான்ல புகைபோக்கிகிட்ட இப்பவே இடம் விடணும்."

"எப்ப வெப்பாங்க?"

"நான் வரைஞ்சதுல ஒண்ணுலயும் இன்னும் வெக்கல."

"அதுவரைக்கும் ஒரு டீக்கடையாச்சும் போடலாமில்ல?"

"வேற எதுவும் கட்டக்கூடாதும்மா. கட்டிட்டா, மெஷினு வந்தாலும் வெக்க முடியாது."

அம்மா சிரித்து முடித்துவிட்டு, "ஊத்தங்கரை பஸ்லேர்ந்து எறங்கி வந்தீங்களே, அங்க யாரு?" என்றார்.

"சம்சாரம். கோவிச்சுகிட்டு அம்மா வூட்டுக்குப் போயி ரெண்டு வருசமாச்சு. கூட்டியாரத்தான் போனேன்."

"என்னா சொல்லிச்சு?"

"காபி குடுத்தா. பேசல."

"உங்க ஆளுங்க வேற பொண்ணு பாக்கலயா?"

"பாக்கறாங்க. நான் வேணான்னுட்டேன்."

அம்மா கூடையை இழுத்துக்கொண்டு சூளகிரியில் இறங்கினார். பஸ்ஸில் ஏறிய ஒருவர் அந்தச் சீட்டைக் காட்டி, "ஆள் வருதுங்களா?" என்று கேட்டார்.

முன்சீட்டுக்காரர் அந்தக் காலி இடத்தைப் பார்த்தார். "இல்லைங்க, உக்காருங்க" என்று ஜன்னல் பக்கம் நகர்ந்தார்.